பதில் வந்தால் பூட்டலாகாது

வில்லை விட்ட அம்பும் வாயை விட்ட சொல்லும் மீளா என்பது முதுமொழி. அந்தக் குகையில் மட்டும் அம்மொழி பாதி பொய்த்தது. அங்கே வாயை விட்ட சொல் மீளும். மலையின் வயிற்றுக்குள் எங்கெங்கோ உலாவி, யாரையோ நலம் விசாரித்துவிட்டு வருவது போலச் சற்றே தாமதித்து, சற்றே நனைந்து, சொன்னவர் செவிக்கே திரும்பும். தன்பால் வந்த ஒலியில் ஓர் எழுத்தையும் வைத்துக்கொள்ளாமல் திருப்பித் தருவது மலையின் அறம் போலும். அந்த அறம் பிழைத்த கதை இது.

குகையின் நிர்வாகப் பொறுப்பு மூத்தவளிடம் இருந்தது. பெற்றோர் மறைந்த வீட்டில் அக்காளும் தங்கையுமாய் இருவரே வாழ்ந்தமையால் தெருவார் அவர்களை மூத்தவள், இளையவள் என்றே அழைத்துப் பழகியிருந்தனர். நாமும் அவ்வாறே அழைப்போம். மூத்தவள் தொல்லிடங்களைக் காக்கும் துறையில் அலுவலர். இளையவள் மழலையர் பள்ளியில் ஆசிரியை. மூத்தவள் சொல்லை அளந்து பேசுவாள். இளையவளோ அளக்கும் படியையே தொலைத்துவிட்டவள்.

குகையின் முன்கூடம் இயற்கை செய்தது. கூரையிலிருந்து சுண்ணக்கல் விழுதுகள் தொங்கும். அவற்றின் நுனியில் நீர்த்துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்து, பின் விழும். கை பட்டால் விழுதின் வளர்ச்சி நின்றுவிடும் என்பதால் இரும்புக் கம்பிவேலி. ஒளி மிகுந்தால் பாசி படரும் என்பதால் விளக்குகள் எல்லாம் மங்கல். முன்கூடத்தைத் தாண்டினால் மனிதக் கை குடைந்த உள்ளறை. அங்கே ஒருவர் மட்டும் அமரக்கூடிய கல்லாசனம். அருகே, பாதி மூடிய நிலையில் அசைய மறுத்து நிற்கும் கல்கதவு. குடைந்தவர் யார், அமர்ந்தவர் யார் என்று சொல்ல ஒரு கீறல் எழுத்துகூட இல்லை. அறிஞர்கள் வந்தனர், தட்டினர், முகர்ந்தனர், 'காலம் அறியக்கூடவில்லை' என்று எழுதிவிட்டுப் போயினர்.

அங்கே பணி செய்வோர்க்கு ஒரு வழக்கம் உண்டு. மாலையில் வாயிற்கதவைப் பூட்டும் முன் ஒருவர் உள்ளறையின் முகப்பில் நின்று, "உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். எதிரொலி முற்றும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வழி தவறி நின்றவர் எவரேனும் குரல் கொடுத்தால் விளக்கோடு போய் அழைத்து வர வேண்டும். அடைப்புக் குரல் என்று அதற்குப் பெயர். பதில் வந்தால் பூட்டலாகாது என்பது விதி. அங்கே ஒருநாளும் பதில் வந்ததில்லை. பகலிலேயே ஆள் வராத இடத்தில் மாலையில் யார் நிற்கப் போகிறார்கள்?

அதுதான் இடர். துறையின் இயக்குநர் தொலைபேசியில் தெளிவாகவே சொல்லிவிட்டார்: ஆண்டு முடிவதற்குள் கூட்டம் பெருகாவிட்டால் கம்பிக்கதவை நிரந்தரமாகச் சாத்திவிட்டு ஆட்களை வேறிடங்களுக்கு மாற்றிவிடுவோம்.

வழிகாட்டியாக இருந்தவரை எல்லாரும் வாய்ப்பந்தல் என்பார்கள். வெறுஞ்சொல்லால் பந்தல் போட்டு, அதன் நிழலில் பத்துப் பேரை உட்கார வைத்துவிடும் திறமைக்காக வந்த பெயர். அவருக்கே அதில் பெருமை உண்டு.

"மேடம், கோவிச்சுக்காதீங்க," என்றார் அவர் ஒரு பிற்பகலில். "கல்லைப் பார்க்க எவனும் வரமாட்டான். அவனவன் வீட்டுலயே கல்லு மாதிரி ஒரு ஆள் இருக்கு."

"அப்ப எதைப் பார்க்க வருவாங்க?"

"ஆளைப் பார்க்க வருவாங்க. அந்த ஆசனம் சும்மாதானே கிடக்குது? ஒரு ஆளை உட்கார வைங்க."

"இல்லாத ஆளை எப்படி அண்ணா உட்கார வைக்கிறது?"

"உட்காரவெச்சுட்டா இருக்கிற ஆள் ஆயிடும்."

மூத்தவள் சிரித்தாள், ஆயினும் அன்று மேசைமுன் அமர்ந்து ஒரு கதை புனைந்தாள். ஊரை வெள்ளம் சூழ்ந்தபோது மக்கள் குகைக்குள் புகுந்தனர். வெள்ளம் அங்கும் தொடர்ந்தது. எல்லாரும் மேல்வழியே ஏறித் தப்பும்வரை கல்கதவை உள்ளிருந்து ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்காளும் தங்கையும் தாங்கினர். 'நீ முன்னால போ, அக்கா. நான் பின்னால வரேன்' என்றாள் தங்கை. அக்கா போனாள். தங்கை இன்னும் வரவில்லை. யாரேனும் வந்து அழைப்பார்கள் என்று ஆசனத்தில் அமர்ந்து காத்திருக்கிறாள்.

"அப்படியே விட்டுடுங்க மேடம்," என்றார் வாய்ப்பந்தல். "முடிச்சிடாதீங்க. முடிஞ்ச கதைக்கு ரெண்டாந்தடவை எவனும் வரமாட்டான்."

சான்றில்லாத எதையும் அறிவிப்புப் பலகையில் எழுதலாகாது என்பது துறையின் நெறி. அந்த நெறிக்கும் ஒரு பக்கவாசல் உண்டு. மூத்தவள் கதையின் அடியில் 'இது செவிவழிச் செய்தி' என்று எழுதினாள். எவர் செவி என்று எவரும் கேட்கவில்லை.

வருகையாளர் காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டியில் அந்தத் தங்கையின் பேச்சு ஒலிக்க வேண்டும். அதற்கு இளையவளின் குரலை விட்டால் வேறு குரல் ஏது? தெருவோசை புகாமலிருக்க, துணி அடுக்கிய அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அவள் பேசினாள். வெளியே அக்கா கருவியைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ முன்னால போ, அக்கா. நான் பின்னால வரேன்." சொன்ன கையோடு அலமாரியிலிருந்து தலையை நீட்டினாள். "எப்படி? அழுகை வருதா?"

"உன் தலையில துணி மாட்டிட்டு இருக்கு. சிரிப்புத்தான் வருது. அடுத்த வரியைச் சொல்லு."

"நான் இங்கேதான் இருக்கேன்." மீண்டும் தலை வெளியே வந்தது. "சரி, அந்தப் பொண்ணு அப்புறம் வெளிய வந்தாளா, இல்லையா?"

"வரலை. வந்துட்டா யாருடி பார்க்க வருவாங்க?"

"பாவம், அக்கா. ஒரு பேராவது வெச்சியா அவளுக்கு?"

"பேர் எதுக்கு? வாயை மூடிட்டுப் பேசுடி."

"வாயை மூடிட்டு எப்படிப் பேசுறதாம்!" என்று இளையவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பும் ஒலிப்பதிவில் சேர்ந்துவிட்டது. பிறகு அக்கா அதை வெட்டி நீக்கினாள்.

கதை நெருப்புப் போலப் பரவியது. மழைக்குப் பின் ஈசல் புறப்படுவது போல மக்கள் புறப்பட்டு வந்தனர். ஆசனத்தின் முன் நின்று கண் கலங்கினர். தங்கையே, தாயே, எழுந்து வா என்று கூப்பிட்டனர். கூப்பிட்ட குரல் திரும்பி வரக் கேட்டு மெய்சிலிர்த்தனர். தேநீர்க்கடை இரண்டு முளைத்தன. இயக்குநர் குரலில் தேன் ஊறியது. பன்னாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் குகையைச் சேர்ப்பதற்கு மதிப்பீட்டுக் குழு ஒன்று நேரில் வரும் என்றும், அந்த எதிரொலியே குகையின் தனிச்சிறப்பாகக் கருதப்படும் என்றும் அவர் அறிவித்தார்.

அந்த எதிரொலி பிழைத்ததை முதலில் கேட்டவர் வாய்ப்பந்தல். மறுநாள் காலையில் மேசைக்கு எதிரே வந்து நின்றார்; அமரவில்லை.

"மேடம், நேத்து அடைப்புக் குரல் கொடுத்தேன்."

"ஆமா?"

"திரும்பி வரலை."

"எது?"

"என் குரல். போச்சு; வரலை. சரி, சளி பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்."

"யாருக்கு? உங்களுக்கா?"

"குகைக்கு," என்றார் அவர். சிரிக்க முயன்றார். பந்தல் போடும் வாய் கோணியது. "அப்புறம் வேற ஒண்ணு வந்துச்சு. நீங்களே வந்து கேளுங்க. நான் சொன்னா கதைம்பீங்க."

அன்று மாலை வருகையாளர் அனைவரும் வெளியேறிய பின் மூத்தவள் உள்ளறையின் முகப்பில் நின்றாள். ஒலிவழிகாட்டிகள் எல்லாம் அலுவலகச் சுவரில் மின்னூட்டத்தில் தொங்குவதைத் தானே பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?"

குரல் உள்ளே போயிற்று. கிணற்றில் போட்ட கல் அடியைத் தொடாதது போல ஓர் அமைதி. ஒரு துளி விழுந்தது. இன்னொரு துளி விழவில்லை. பிறகு, ஆசனம் இருந்த பக்கத்திலிருந்து, தூங்கி எழுந்தவள் சொல்வது போல மெல்ல:

"இருக்கேன்."

இளையவளின் குரல்தான் அது. மூத்தவள் கைவிளக்கோடு ஓடினாள். ஆசனம் வெறுமையாக இருந்தது; கையால் தொட்டாள், சில்லென்று இருந்தது. கல்கதவின் பின்னே பார்த்தாள். அங்கே சுவர். விதிப்படி பூட்டக்கூடாது, அறிவுப்படி பூட்டாமல் போகவும் கூடாது. நெடுநேரம் நின்றுவிட்டு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பவள் போலத் தலை குனிந்தபடி பூட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது இளையவள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தாள். தொண்டை கட்டிவிட்டதாம்.

அதைத் தொண்டைக்கட்டு என்றே இருவரும் சில நாள் நம்பினர். வெந்நீர், கஷாயம், ஓய்வு எதற்கும் அது இறங்கவில்லை. கரகரப்போ வலியோ இல்லை. குரல் குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான். எண்ணெய் தீரும் விளக்கு நடுங்கிப் புகையும். இது அப்படியும் இல்லை. யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு தொலைவாக நடப்பது போல இருந்தது. முதலில் வகுப்பின் பின்வரிசைக் குழந்தைகளுக்குக் கேட்கவில்லை. பிறகு முன்வரிசைக்கும் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து அவள் குரல்செய்தி அனுப்பினால் அக்காவின் கைபேசியில் மின்விசிறியின் ஓசையும் குழந்தைகளின் கூச்சலும் வரும். நடுவில் அவள் பேசிய அளவுக்கு ஒரு பள்ளம் வரும்.

மருத்துவர் விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். "தொண்டை நல்லா இருக்குமா. பாடகிக்கு இருக்கிற மாதிரி இருக்கு. நீங்க ஏன் பேச மாட்டேங்குறீங்க?" என்றார்.

பள்ளித் தலைமையாசிரியை நல்லவர்தாம். கை பிடித்துக்கொண்டுதான் சொன்னார். இந்தப் பருவம் முடிவதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை என்று. மழலையர் வகுப்பில் குரலற்ற ஆசிரியை திரியற்ற அகல்.

"வேலை போனாப் போகட்டும், அக்கா," என்றாள் இளையவள் அன்று. அக்காவின் காதோடு வாய் வைத்துச் சொன்னாள், அப்போதுதான் கேட்டது. "குழந்தைங்க என் வாயைப் பார்க்குதுங்க. அப்புறம் என்னைத் தாண்டி அந்தப் பக்கம் பார்க்குதுங்க. நான் அங்கே இல்லாத மாதிரி."

குகையில் கேட்டதை மூத்தவள் அவளிடம் மறைத்தாள். தற்செயல் என்றே தன்னைத் தேற்றிக்கொண்டாள்; குழு வரப் போகிறது, ஓசை நுட்பர் ஒருவரை அழைத்து எல்லாவற்றையும் சரிபார்க்கலாம் என்று.

அந்தத் தேற்றரவை ஒரு வருகையாளர் குலைத்தார். கைக்குழந்தையோடு வந்த தாய் அவர். வெளியேறும் வழியில் அலுவலகச் சன்னலில் எட்டிப் பார்த்து நன்றி சொன்னார்.

"ராத்திரி பகல் தூங்காத பிள்ளை மேடம் இது. உள்ள அந்தப் பொண்ணு பாடினதும் அப்படியே தூங்கிடுச்சு."

"பாட்டா? அதுல பாட்டு எதுவும் இல்லையே."

"ஏன் இல்லாம? நத்தைக்குக் காய்ச்சல் வந்து, வைத்தியர் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள காய்ச்சல் சரியாப் போயிடும்ல, அந்தப் பாட்டு. சிரிச்சுட்டே பாடுதே!"

மூத்தவள் கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அது எந்த நூலிலும் இல்லாத பாட்டு. இளையவள் தன் வகுப்புக் குழந்தைகளுக்காகக் குளியலறையில் கட்டிய பாட்டு.

உள்ளே ஓடினாள். கூட்டத்தில் ஒருவரிடமிருந்து கருவியை வாங்கிக் காதில் வைத்தாள். அவள் எழுதியது மட்டுமே ஒலித்தது: முன்னால் போ, பின்னால் வரேன், இங்கேதான் இருக்கேன். கருவியைக் கழற்றினாள். கழற்றிய காதில், ஆசனத்துப் பக்கமிருந்து, நத்தை மெல்ல மெல்ல வைத்தியர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் கருவியில் கேட்பதாக எண்ணி ரசித்துக்கொண்டிருந்தனர். பாட்டின் முடிவில் ஒரு சிரிப்பு வந்தது. அவள் வெட்டி நீக்கிய அந்தச் சிரிப்பு.

அன்றே எல்லாக் கருவிகளிலிருந்தும் ஒலிப்பதிவை அழித்தாள். மறுநாள் வருகையாளர் ஒருவரும் குறை சொல்லவில்லை. வெறுங்கருவியை மாட்டிக்கொண்டு போனவர்கள், கதை அருமை, போன முறையைவிட நீளம் என்று சொல்லிவிட்டுப் போயினர்.

இயக்குநர் மட்டும் அழைத்தார். "பதிவை எடுத்துட்டீங்களாமே? குழு வர்ற நேரத்துல என்ன விளையாட்டு இது?"

"சார், கொஞ்ச நாள் குகையை மூடி வைக்கலாம். உள்ளே ஏதோ..."

"ஏதோ என்ன? பாறை சரியுதா?"

"இல்ல சார்."

"அப்ப மூட வேண்டாம். இது தானா வந்த சீதேவி. காலால உதைக்காதீங்க."

மூடினாலும் என்ன? உள்ளே அகப்பட்டதை உள்ளேயே வைத்துப் பூட்டுவதாகத்தானே முடியும்? அந்த எண்ணம் வந்தபின் அவளுக்கு உறக்கம் போயிற்று.

வாய்ப்பந்தலிடம் மனம் விட்டுச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நாமதான் மேடம் உட்காரவெச்சோம்," என்றார். "ஆசனம் இருக்கு, கதை இருக்கு, குரல் இருக்கு. கேக்குறவன் எல்லாம் 'பாவம், காத்திருக்கா, காத்திருக்கா'ன்னு சொல்லிட்டே போறான். ஆயிரம் வாய் சொன்னா அம்மியும் நகரும்பாங்க. ஒரு பொண்ணு உட்கார மாட்டாளா?"

"எழுப்ப என்ன வழி?"

"எனக்கென்ன தெரியும்? கதை கட்டுறவன் நான், அவிழ்க்கிறவனா?" பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "முடிக்காதீங்கன்னு சொன்னவன் நான்தான். முடிச்சுப் பாருங்க. கூட்டம் போயிடும். போகட்டும். எனக்கும் சாயங்காலத்துல உள்ள போக உதறுது."

குழு வரும் நாளின் காலையில் இளையவள் கண்ணாடிமுன் நின்று 'அக்கா' என்று வாயசைத்தாள். அவள் வாயருகே காது வைத்தும் மூத்தவளுக்குக் கேட்கவில்லை. மூத்தவள் அவள் தொண்டையில் விரல் வைத்தாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே அதிர்வே இல்லை; பேசும் சிலையைத் தொட்டது போல இருந்தது. இளையவளின் கண்கள் நிறைந்தன. அழுகையும் ஓசையின்றி வந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் கூட்டிட்டு வந்துடறேன்டி," என்றாள் மூத்தவள்.

யாரை என்று இளையவளின் புருவம் கேட்டது. மூத்தவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

குழுவின் தலைவி நரைத்த தலையும் கூர்ந்த செவியும் உடைய பெண்மணி. முன்கூடத்தில் நின்று கை தட்டினார். தட்டிய ஓசை திரும்பிற்று. ஒரு வரியை முணுமுணுத்தார், அதுவும் திரும்பிற்று. பகற்பொழுதில், அடைப்புக் குரல் அல்லாத பிற குரல்களுக்கு, குகை தன் பழைய அறத்தை விடாமலே இருந்தது. "இப்படி ஓர் எதிரொலியை நான் எங்கேயும் கேட்டதில்லை," என்றார் தலைவி. இயக்குநர் பூரித்து, பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது போலவே எல்லாருக்கும் கைகுலுக்கினார்.

"அந்த அடைப்புக் குரலையும் இவங்களுக்குக் காட்டிடுங்க," என்று மூத்தவளிடம் சொன்னார். "நம்ம பாரம்பரியம்."

மாலை மங்கிக்கொண்டிருந்தது. மூத்தவள் உள்ளறையின் முகப்பில் நின்றாள்.

"உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

குழுவினர் வியந்து புன்னகைத்தனர். நல்ல ஒலியமைப்பு என்று ஒருவர் தலையாட்டினார். வாய்ப்பந்தல் மட்டும் கம்பிவேலியைப் பற்றிக்கொண்டார். மூத்தவள் விலகவில்லை. விதிப்படி, பதில் வந்தால் போய் அழைத்து வர வேண்டும். அவள் உள்ளே நடந்து ஆசனத்தின் முன் நின்றாள். எப்படி முடிப்பது என்று பல நாள் யோசித்தும் அவளுக்கு நயமான சொல் எதுவும் அமையவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"தண்ணி வடிஞ்சிடுச்சு. எல்லாரும் பிழைச்சுட்டாங்க. கதவை விட்டுடலாம். உன் அக்கா திரும்பி வந்துட்டா."

"என்ன பண்றீங்க?" என்று பின்னாலிருந்து இயக்குநர் சீறினார். "கதையில இது இல்லையே!"

"அக்கா கூப்பிடுறா. நீ எழுந்து வர்ற. அவ உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறா. அவ்வளவுதான் கதை. முடிஞ்சுது. வா, வீட்டுக்குப் போகலாம்."

துளிகள் நின்றன. முன்கூடம் முழுதும், ஒவ்வொரு விழுதின் நுனியிலும் துளி திரண்டு விழாமல் நின்றது. ஆசனத்தில் ஏதோ எடை குறைந்தாற்போல ஒரு சிறு ஓசை. பிறகு அவளது தொங்கிய வலக்கையின் விரல்களுக்குள், நெடுநேரம் நீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள் வந்து கோத்துக்கொண்டன.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இயக்குநரைக் கடந்து, குழுவைக் கடந்து, கம்பிக்கதவைக் கடந்து நடந்தாள். வழிவிட்டு ஒதுங்கிய வாய்ப்பந்தல் அவள் முகத்தைப் பார்க்காமல் அவளருகே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். வெளிக்காற்று பட்டதும் கையில் ஈரம் மட்டும் எஞ்சியது.

பின்னால், குழுத் தலைவி ஏதோ ஐயத்தோடு கை தட்டுவது கேட்டது. ஓசை திரும்பவில்லை. மெத்தையில் விழுந்த பஞ்சு போல விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவர் கூப்பிட்டுப் பார்த்தார். இயக்குநர் கூவிப் பார்த்தார். மலை வாயடைத்துவிட்டது. இனி அது துளி சொட்டும் ஒரு பொந்து, பட்டியலுக்கு உரியதன்று. நாளை அலுவலகத்தில் பேசிக்கொள்வோம் என்று இயக்குநர் உறுமியது மூத்தவளின் ஒரு காதில் புகுந்து மறு காதில் வெளியேறியது.

வீட்டு வாசலில் இளையவள் நின்றிருந்தாள். தெருமுனையிலேயே அவளைக் கண்டுகொண்டு, தெருவே திரும்பும்படி, "அக்கா!" என்று கத்தினாள்.

மூத்தவள் தெருவென்றும் பாராமல் அழுதாள். அன்றைய மாலையில் இளையவள் தேக்கி வைத்த பேச்சையெல்லாம் மடை திறந்தாள்: தலைமையாசிரியையின் மூக்குக்கண்ணாடி, பின்வரிசைக் குறும்பன், மருத்துவரின் குளிர்ந்த குழாய். நத்தைப் பாட்டை இரண்டு தடவை பாடினாள். "போதும்டி, நத்தைக்கே மறுபடி காய்ச்சல் வந்துடும்," என்றாள் அக்கா. வேலை போகட்டும், பட்டியல் போகட்டும். போன உயிர் மீண்டது என்று அவள் கைகூப்பித் தொழுதாள்.

"ஆமா, நேத்து உன் கூட யாரு வந்தது?" என்றாள் இளையவள் மறுநாள் காலையில், தலை வாரிக்கொண்டே.

"யாரும் வரலையே."

"உனக்குப் பின்னால யாரோ வர்ற மாதிரி இருந்துச்சு. அதான் கதவை ரொம்ப நேரம் திறந்தே வெச்சிருந்தேன். அப்புறம் இந்த நாற்காலி மேல தண்ணி கொட்டினது நீதானே? தொப்பலா நனைஞ்சிருக்கு."

சாப்பாட்டு மேசையருகே அவர்கள் உட்காராத மூன்றாவது நாற்காலி அது. மூத்தவள் அதைப் பார்த்தாள். துணியை எடுத்துத் துடைத்தாள். கூரையைப் பார்த்தாள், ஒழுகவில்லை. வெயில் சன்னல் வழியே பளிச்சென்று விழுந்திருந்தது. பகலில் பயப்படுகிறவள் பைத்தியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இருவரும் வேலைக்குக் கிளம்பினர். இளையவள் முன்னே இறங்கித் தெருவில் நின்று, பக்கத்து வீட்டுக்காரியோடு அதற்குள் ஒரு கதையைத் தொடங்கிவிட்டாள். அவள் குரல் மணிபோலத் தெருவில் ஒலித்தது. மூத்தவள் வீட்டைப் பூட்டத் திறவுகோலை எடுத்தாள். ஆண்டாண்டாய் நாவில் ஊறிய பழக்கம். நினைக்காமலே உள்நோக்கி வாய் கேட்டுவிட்டது:

"உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?"

தெருவில் இளையவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில், அதே குரல், வீட்டுக்குள்ளே, மேசைப் பக்கமிருந்து, சற்றே தாமதித்து, சற்றே நனைந்து வந்தது.

"நீ முன்னால போ, அக்கா. நான் பின்னால வரேன்."

பதில் வந்தால் பூட்டலாகாது. மூத்தவள் கதவை மெல்லச் சாத்தினாள்; திறவுகோலைப் பூட்டில் நுழைக்காமல் கைக்குள் மூடிக்கொண்டு, திரும்பிப் பாராமல் படியிறங்கினாள்.